சூலகத்தின் ஓரத்தில் ஒரு வலை

செம்மறி ஆட்டின் சூலகம் ஏறக்குறைய ஒரு பாதாம்பருப்பு அளவுதான் இருக்கும். இறைச்சிக்கூடத்திலிருந்து உப்புநீரில் போட்டு எடுத்து வந்ததும், பரிசோதனைக்கூடத்தில் முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. ஒட்டிக்கொண்டிருக்கும் சவ்வு, கொழுப்பு, இரத்தக்குழாய்த் துணுக்குகள் எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்துவிட்டு, வழவழப்பான அந்தப் பருப்பை மட்டும் வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் பழகினேன். ஒருநாள் சவ்வை வெட்டாமல் அப்படியே மெழுகில் பதித்துச் சீவினேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரத்தக்குழாய்கள் சூலகத்துக்குள் நுழைகிற பள்ளத்தருகே, கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயுமாகச் சின்னச் சின்ன வளையங்கள் கூட்டமாகத் தெரிந்தன. இரத்தக்குழாய் என்று சொல்ல உள்ளே சிவப்பணுக்கள் இல்லை. முட்டையைச் சுமக்கும் நுண்பை என்று சொல்ல நடுவில் முட்டை இல்லை. இது என்ன என்று கேட்டேன். “அது பழைய மிச்சம், அதற்கு வேலை எதுவும் கிடையாது” என்று பதில் வந்தது.

அந்த வளையங்களின் பெயர் ரீட்டி ஓவேரீ. இலத்தீனில் ‘ரீட்டி’ என்றால் வலை. இந்தக் கட்டுரையில் சூலக வலை என்றே சொல்கிறேன். செம்மறி, பசு, பூனை, நாய், எலி என்று பல பாலூட்டிகளில் இது இருக்கிறது. மனிதப் பெண்ணின் சூலகத்திலும் இருக்கிறது. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் வால்டையர் 1870-லேயே இதை விவரித்துவிட்டார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூலின் பழைய பதிப்புப் படங்களில் இது உண்டு. பிற்காலப் பாடநூல்களிலிருந்து மெல்ல மறைந்துபோனது. ஒன்றரை நூற்றாண்டாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தும் கவனத்துக்கு வராமல் போன உறுப்பு இது.

‘வேலை கிடையாது’ என்ற அந்தத் தீர்ப்பு அவசரமாகச் சொல்லப்பட்டது என்பதுதான் என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்ல, தாயின் வயிற்றில் இருக்கும் செம்மறிக் கருவிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறுநீரகத்தின் மடியில் பிறக்கும் சூலகம்

பாலூட்டியின் கரு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிறுநீரகங்களை உண்டாக்குகிறது. முதலாவது பெயரளவுக்கு வந்து மறைந்துவிடும். மூன்றாவதுதான் பிறந்த பிறகு நமக்கு இருப்பது. நம் கதைக்கு வேண்டியது நடுவில் வருகிற இரண்டாவது. மீசோநெஃப்ரோஸ் என்ற அதை இடைச் சிறுநீரகம் என்று சொல்லலாம். மீனுக்கும் தவளைக்கும் ஆயுள் முழுக்க உழைப்பது இந்த வகைச் சிறுநீரகம்தான். எலிக் கருவில் இது அரைகுறையாக வந்து போகிறது. செம்மறிக் கருவிலோ நன்றாக வளர்ந்து, முறையான வடிகட்டிகளோடு, சில காலம் சிறுநீரையே பிரிக்கிறது.

இந்த இடைச் சிறுநீரகத்தின் உட்புறத்தில், கருவின் முதுகெலும்பை நோக்கிய பக்கத்தில், ஒரு நீண்ட மேடு எழும்புகிறது. பின்னால் பெண்ணில் சூலகமாகவோ ஆணில் விதையாகவோ (விந்தகமாகவோ) மாறப்போவது அந்த மேடுதான். இனப்பெருக்க செல்கள் அங்கே பிறப்பதில்லை. கருவுக்கு வெளியே, கருவுணவுப் பையின் ஓரத்தில் தோன்றி, பின்குடலின் சுவர் வழியாக ஊர்ந்து வந்து மேட்டில் குடியேறுகின்றன. முட்டையாகப் போகும் செல்லே வெளியூரிலிருந்து வருகிறது. அது வந்து தங்கும் வீடோ சிறுநீரகத்தின் மேல் கட்டப்படுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

மேடு வளர வளர, அதற்கும் இடைச் சிறுநீரகத்துக்கும் நடுவே செல்கள் இழைகளாகவும் குழல்களாகவும் கோத்துக்கொள்கின்றன. அந்தக் கோப்புதான் வலை. இதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை.

கரு கிடாவாக இருந்தால் அந்த வலைக்குத் தெளிவான வேலை இருக்கிறது. விதைக்குள் விந்தணு உண்டாகும் நுண்குழல்கள் எல்லாம் வந்து வலையில் சேர்கின்றன. வலையிலிருந்து சில குழாய்கள் கிளம்பி விந்தகச் சுருள்குழலுக்குப் போகின்றன. அந்த வெளியேறும் குழாய்கள் வேறெதுவுமில்லை, இடைச் சிறுநீரகத்தின் பழைய குழல்கள்தான். சிறுநீரகம் கலைந்தாலும் அதன் வாய்க்கால்களை விதை எடுத்துக்கொள்கிறது. வயல்களிலிருந்து வடியும் நீர் ஒரு மடையில் கூடிப் பெரிய வாய்க்காலில் இறங்குவது போல, எல்லா விந்தணுவும் அந்த வலையைக் கடந்துதான் வெளியே போக வேண்டும்.

பெட்டையாக இருந்தால் அந்தப் பாதைக்குத் தேவை இல்லை. முட்டை சூலகத்தின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, கருக்குழாயின் புனல்வாயில் விழுகிறது. வலையின் வழியாக எந்த முட்டையும் எப்போதும் போவதில்லை. இடைச் சிறுநீரகத்தின் குழல்களும் பெரும்பாலும் கரைந்துபோய், கருக்குழாயை ஒட்டிய சவ்வில் சில துணுக்குகள் மட்டும் தங்குகின்றன. ஆனால் வலை கரைவதில்லை. ஆணில் இதற்கு வேலை உண்டு, பெண்ணில் அந்த வேலை இல்லை; ஆகவே பெண்ணில் இது வெறும் மிச்சம். ‘பழைய மிச்சம்’ என்ற தீர்ப்பு இப்படித்தான் வந்தது. ஆணின் வேலையை அளவுகோலாக வைத்துப் பெண்ணின் உறுப்பை அளந்த முடிவு அது. விந்தணு போகும் வழியாக இல்லை என்பது உண்மை. வேறு வேலையே இல்லை என்பது அதிலிருந்து கிடைக்காது.

மூன்று துண்டுகளாகப் பார்க்கலாம்

வலையைப் படிப்பவர்கள் அதை இருக்கும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். சூலகத்துக்கு வெளியே, அதைத் தாங்கும் சவ்வில் இருப்பது வெளிவலை. வளைந்து நெளிந்து கிடக்கும் குழல். நடுவில் தெளிவான வெற்றிடம், சுற்றிலும் தூண்போல் நிற்கும் செல்கள். சூலகத்தின் உட்பகுதியில் கிடப்பது உள்வலை. இங்கே பெரும்பாலும் வெற்றிடம் இல்லாத செல்கயிறுகள், ஆங்காங்கே ஒடுங்கிய குழல்கள். இரண்டையும் சேர்ப்பது இணைப்புவலை, பள்ளத்தருகே இருக்கிறது. மூன்றும் ஒரே தொடர்ச்சிதான். மெல்லிய சீவலில் பார்க்கும்போது குழலின் குறுக்குவெட்டு மட்டும் தெரிவதால் தனித்தனி வளையங்களாகத் தோன்றுகிறது. அன்று நான் பார்த்ததும் அதுதான். இந்த உறுப்பு இவ்வளவு காலம் புரிபடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுருண்ட நூலைக் கத்தியால் குறுக்கே வெட்டிவிட்டுப் பார்த்தால் புள்ளிகள்தான் தெரியும்; அது நூல் என்று எப்படித் தெரியும்?

செம்மறியின் 150 நாள்

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 முதல் 150 நாள். எலிக்கு ஏறக்குறைய 20 நாள்தான். சூலகம் எப்படி உருவாகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செம்மறி பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம். எலியில் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்து முடிந்துவிடும் செயல்கள் செம்மறியில் வாரக்கணக்கில் பிரிந்து நடக்கின்றன. இன்னொன்று, எலியில் நுண்பைகள் பெரும்பாலும் பிறந்த பிறகே அமைகின்றன. செம்மறிக் குட்டிக்கோ மனிதக் குழந்தைக்குப் போலவே வயிற்றுக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன.

நாட்காட்டியை இப்படிச் சொல்லலாம். சினையான நான்காம் வாரத்துக்குள் மேடு எழும்பி, இனப்பெருக்க செல்கள் வந்து சேரத் தொடங்கிவிடுகின்றன. 30 முதல் 35-ஆம் நாளுக்குள் இது சூலகமா விதையா என்பது அமைப்பிலேயே தெரிகிறது. அதன்பின் பல நாள் முட்டைச் செல்கள் சாதாரணமாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. 55-ஆம் நாளை ஒட்டி முதல் செல்கள் குன்றல் பிரிவில், அதாவது மியாசிஸில், நுழைகின்றன. சாதாரணப் பிரிவு செல்லின் நகலை உண்டாக்குவது; குன்றல் பிரிவு குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கி முட்டையையும் விந்தணுவையும் உண்டாக்குவது. அதில் ஒருமுறை நுழைந்துவிட்ட செல் மறுபடி பெருக முடியாது. 75-ஆம் நாளை ஒட்டி முதல் நுண்பைகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு முட்டைச் செல்லையும் கிரானுலோசா என்ற துணைச்செல்கள் ஓர் அடுக்காகச் சூழ்ந்து கொள்கின்றன. இனப்பெருக்க செல்களின் எண்ணிக்கை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான், 8 முதல் 9 லட்சம். அங்கிருந்து பெருஞ்சரிவு. முக்கால் பங்குக்கும் மேல் அழிந்துபோகின்றன. 100-ஆம் நாளில் நுண்பைகள் அடுத்த நிலைக்குப் போகின்றன, 120-ல் துணைச்செல் அடுக்குகள் கூடுகின்றன, 135-ஐ ஒட்டி நீர் தேங்கிய பெரிய நுண்பைகள் தென்படுகின்றன. குட்டி கண் திறப்பதற்கு முன்பே அதன் ஆயுளுக்கான முட்டைக் கையிருப்பு இப்படிக் கணக்காகிவிடுகிறது.

இந்த நாட்காட்டியில் என் மனதை உறுத்துவது 35-க்கும் 55-க்கும் இடையே உள்ள காத்திருப்பு. சூலகம் சூலகமாகிவிட்டது, ஆனால் முட்டைச் செல்கள் குன்றல் பிரிவைத் தொடங்கவில்லை. எலியில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. செம்மறியில் அந்த நாட்களில் என்ன நடக்கிறது? பிரான்ஸில் பியேர் மொலேயோனும் அவருடைய குழுவினரும் 1977-ல் இதற்கு ஒரு குறிப்பைத் தந்தார்கள். மிக இளம் செம்மறிக் கருவின் சூலகம் எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோனைக் கொஞ்ச காலம் மட்டும் சுரந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது என்று காட்டினார்கள். முட்டைகள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்திலேயே, வளர்ந்த பெட்டையின் ஹார்மோனை ஒரு கடுகளவு உறுப்பு சுரக்கிறது.

அந்த ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1979-ல் லூச்சானோ சாம்போனி, ஜாக் பெசார், மொலேயோன் மூவரும் செம்மறிக் கருக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இடைச் சிறுநீரகத்திலிருந்து செல்கள் கிளம்பி வளரும் சூலகத்துக்குள் வந்து சேர்கின்றன என்று எழுதினார்கள். அதாவது கலையப்போகும் சிறுநீரகம் வெறுமனே பக்கத்தில் இருந்துவிட்டுப் போகவில்லை. பழைய வீட்டின் கல்லையும் மரத்தையும் எடுத்துப் புதுவீடு கட்டுவதுபோல, தன் செல்களைச் சூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் வலை.

“தொடங்கு” என்று சொன்னது யார்?

இனி ஒரு சோதனைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையிலேயே அழகானது அதுதான். டென்மார்க்கின் ஆன் கிரேட்டே பிஸ்கோவ் 1970-களில் எலிக் கருவின் சூலகங்களை எடுத்து வளர்ப்புத் தட்டில் வளர்த்தார். சிலவற்றில் வலை ஒட்டியே இருந்தது, சிலவற்றில் வலையை வெட்டி நீக்கியிருந்தார். வலை இருந்த சூலகத்தில் முட்டைச் செல்கள் குன்றல் பிரிவைத் தொடங்கின. வலை நீக்கப்பட்டதில் தொடங்கவில்லை. 1974-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: குன்றல் பிரிவைத் தொடங்கிவைப்பது சூலக வலையா? பூனையின் கருவிலும், மிங்க், ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறுவிலங்குகளின் கருக்களிலும் அவர் பார்த்தார். வலைக்கு அருகே இருக்கும் செல்கள் முதலில் குன்றல் பிரிவுக்குள் போகின்றன, நுண்பைகளும் அங்கேதான் முதலில் அமைகின்றன. செம்மறியிலும் முதல் நுண்பைகள் தோன்றும் இடம் ஓரத்தில் இல்லை. சூலகத்தின் புறணியும் உட்பகுதியும் சந்திக்கும் எல்லையில், வலையின் பக்கமாக.

வலை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது முட்டைச் செல்லைத் தட்டி எழுப்புகிறது என்று பிஸ்கோவ் கருதினார். அந்தப் பொருளைத் தேடிப் பல ஆண்டுகள் போயின. 2006-ல் இரண்டு குழுக்கள், ஒன்று ஆஸ்திரேலியாவில் ஜோசஃபின் பௌல்ஸ், பீட்டர் கூப்மன் குழு, மற்றொன்று அமெரிக்காவில் டேவிட் பேஜ் குழு, எலியில் ஒரே விடைக்கு வந்தன: ரெட்டினாயிக் அமிலம். வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் செய்துகொள்ளும் பொருள். அதை உண்டாக்குவது சூலகத்தை ஒட்டிய இடைச் சிறுநீரகம். ஆண் கருவில் விதை அதைச் சிதைத்துவிடுவதால் அங்கே குன்றல் பிரிவு பருவம் வரைக்கும் தள்ளிப்போகிறது. பிஸ்கோவ் கை நீட்டிக் காட்டிய திசை சரிதான் என்று அப்போது தோன்றியது.

கதை அங்கே முடிந்திருந்தால் பாடநூலுக்கு வசதி. 2020-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் ரெட்டினாயிக் அமிலத்தை உண்டாக்கும் நொதிகளை எலிக் கருவிலிருந்து நீக்கினார்கள்; மற்றொன்றில் அந்த அமிலத்தை உணரும் ஏற்பிகளையே நீக்கினார்கள். இரண்டிலும் முட்டைச் செல்கள் குன்றல் பிரிவில் நுழைந்தன. ஆக ரெட்டினாயிக் அமிலம் மட்டுமே சாவி என்று சொல்ல இயலாது. பிஸ்கோவின் சோதனையில் வலையை வெட்டியபோது உண்மையில் எது நீங்கியது என்ற கேள்வி மறுபடி உயிர்பெற்றுவிட்டது. இது எனக்கு ஏமாற்றமாக இல்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு பெண் கத்தரியை வைத்துச் செய்த சோதனை, இன்றைய மரபணு நீக்கிய எலிகளுக்கும் சவாலாக நிற்பது பெரிய விஷயம்.

முட்டையைச் சூழும் செல்கள்

முட்டைச் செல்லைச் சூழ்ந்து உணவூட்டும் கிரானுலோசா செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது வலையைச் சுற்றிய இன்னொரு நீண்ட வாதம். வலையிலிருந்துதான் என்றார் பிஸ்கோவ். உள்வலையின் செல்கயிறு நுண்பையின் சுவரோடு தொடர்ந்து போவதைப் பல விலங்குகளில் பார்த்திருந்தார். நியூசிலாந்தில் வாலஸ்வில் ஆய்வு நிலையத்தில் கென் மெக்னாட்டியின் குழு செம்மறிக் கருக்களை நாள்வாரியாக ஆராய்ந்தது. 2002-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறு: செம்மறியில் அந்தச் செல்களுக்கு முக்கிய ஊற்று சூலகத்தின் மேற்பரப்புத் தோல். வெளியிலிருந்து உள்நோக்கி, முட்டைச் செல்களைக் கொத்துக் கொத்தாகச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றன.

யார் சொன்னது சரி? செல் ஒவ்வொன்றிலும் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் படிக்கும் முறை வந்த பிறகு ஓரளவு வெளிச்சம் கிடைத்தது. 2022-ல் ஜெனீவாவில் செர்ஜ் நெஃப் குழு எலியில் ஒரு தனிச் செல்வகையைக் கண்டது. ஆண், பெண் என்று பிரியாத மேட்டில் முதன்முதலில் தனிப்பாதை எடுக்கும் செல்கள் அவை. அவற்றில் பெரும்பான்மை வலையாகிறது. ஆணில் விதை வலை, பெண்ணில் சூலக வலை. ஒரு சிறு பங்கு வலையை விட்டுப் பிரிந்து, ஆணில் விந்தணுக்களைத் தாங்கும் செர்டோலி செல்களோடும், பெண்ணில் கிரானுலோசாவின் முன்செல்களோடும் போய்ச் சேர்கிறது. எலியில், வலை செல் கொடுக்கிறது என்றவரும் தோற்கவில்லை, வேறு ஊற்று உண்டு என்றவரும் தோற்கவில்லை. செம்மறியில் அந்தப் பங்கீடு எலியைப் போலவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடைச் சிறுநீரகம் இவ்வளவு பெரிதாக வளரும் விலங்கில் அதன் கொடையும் பெரிதாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன்.

வளர்ந்த ஆட்டில் எதற்கு?

கருவில் ஒரு வேலை செய்துவிட்டு அதோடு முடிந்தது என்றால், வளர்ந்த உடலில் அது சும்மா கிடக்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். வயதான கினிப் பன்றிகளில் சூலக வலை நீர் கோத்துக் கட்டியாவது மிகச் சாதாரணம். வயிறு புடைத்து, விலாப்பக்க முடி உதிர்ந்த நிலையில் அவற்றைக் கொண்டுவருவார்கள். பூனையிலும் நாயிலும்கூட வலையில் நீர்க்கட்டி வரும். கட்டி என்பது நோய்தான். ஆனாலும் அது ஒன்றைச் சொல்கிறது: அந்தக் குழல்கள் நீரைச் சுரக்கின்றன. சுரக்காத குழலில் நீர் எப்படித் தேங்கும்?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிளான்ச் கேப்பலின் குழு இதை நேராகச் சோதித்துப் பார்த்தது. சூலகத்தைச் சீவுவதை விட்டுவிட்டு, திசுவைக் கண்ணாடிபோல் தெளிவாக்கி, தகடுபோல் மெல்லிய ஒளிக்கற்றையால் முழுதாகப் படம் பிடித்தார்கள். புள்ளிகளாகத் தெரிந்தது அப்போது முழு நூலாகத் தெரிந்தது. வெளிவலையைச் சுற்றி இரத்த நாளங்கள் பின்னிக் கிடந்தன, நரம்பிழைகள் வந்து தொட்டன, சுருங்கி விரியும் தசைச்செல்களின் உறையும் இருந்தது. வேலை இல்லாத மிச்சத்துக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று யாரும் கேட்பார்கள். அடுத்து, ஒளிரும் சாயத்தை எலியின் வெளிவலைக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள். சாயம் சூலகத்தை நோக்கி நகர்ந்தது. ஆணில் விதையிலிருந்து வெளியே போகும் வழி. பெண்ணில் வெளியிலிருந்து சூலகத்துக்குள் வரும் வழி. ஒரே வாய்க்கால், ஓட்டம் மட்டும் எதிர்த்திசையில்.

அந்த நீரில் என்ன இருக்கிறது என்று பகுத்துப் பார்த்தபோது பல புரதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஐ.ஜி.எஃப்.பி.பி-2. பெயர் பயமுறுத்தினாலும் வேலை எளிது. ஐ.ஜி.எஃப். என்பது இன்சுலின் குடும்பத்து வளர்ச்சிக் காரணி. உடலின் ஊட்டநிலைக்கு ஏற்ப அதன் அளவு ஏறி இறங்கும். ஐ.ஜி.எஃப்.பி.பி-2 அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம். பிடித்து வைத்தால் வளர்ச்சிக் காரணி செல்லுக்குப் போய்ச் சேராது.

இதைப் படித்த உடனே எனக்குச் செம்மறி நினைவுக்கு வந்தது. காரணம், பிரான்ஸில் நூசில்லி ஆய்வு மையத்தில் பிலிப் மோன்ஷே, டேனியல் மோனியோ இருவரும் 1990-களில் பெட்டைச் செம்மறியின் நுண்பைகளில் இதே புரதக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள். முட்டையை வெளியிடப் போகும் பெரிய, ஆரோக்கியமான நுண்பையில் இந்தப் பிடிப்புப் புரதங்கள் குறைகின்றன. அழிந்துபோகப் போகும் நுண்பையில் கூடுகின்றன. அதாவது எந்த முட்டை பிழைக்கும், எது கரையும் என்ற கணக்கில் இவற்றுக்குப் பங்கு உண்டு. அதே புரதத்தை வலையும் சுரந்து சூலகத்துக்கு அனுப்புகிறது என்பது எலியில் தெரிந்தது. செம்மறி வலையில் இதைத் தேடிப் பார்ப்பது நியாயமான அடுத்த வேலை.

ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு நடைமுறையோடு இது பொருந்தவும் செய்கிறது. கிடா சேர்ப்பதற்குச் சில வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்கு அடர்தீவனம் கூட்டிக் கொடுத்தால், ஒரே பருவத்தில் வெளிப்படும் முட்டைகளின் எண்ணிக்கை கூடும். இரட்டைக்குட்டி ஈனுவது அதிகமாகும். தீவனம் வயிற்றுக்குப் போகிறது, கணக்கு சூலகத்தில் மாறுகிறது. நடுவில் குளுக்கோஸ், இன்சுலின், ஐ.ஜி.எஃப். எல்லாம் செய்தி கொண்டுபோகின்றன என்பது தெரிந்ததே. நரம்பும் இரத்த நாளமும் சூழ, நீரைச் சூலகத்துக்குள் அனுப்பும் ஒரு குழல் அந்தச் செய்திகளைக் கேட்டு, தன் சுரப்பைக் கூட்டிக் குறைக்கிறது என்றால் கதை அழகாகக் கூடிவரும். அப்படித்தான் என்று செம்மறியில் யாரும் நிறுவியதாக நான் சொல்லவில்லை. நிறுவ முடியும் அளவுக்குத் தெளிவான கேள்வியாக அது இப்போது மாறியிருக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு

ஆட்டுச் சூலகத்தில் வேலை செய்யும் மாணவர்கள் இதைப் படித்தால், அடுத்த முறை சவ்வைக் கத்தரிக்கும் முன் கொஞ்சம் நிதானியுங்கள். சூலகத்தின் ஒரு விளிம்பில் மட்டும் இரத்தக்குழாய்கள் கொத்தாக நுழையும். அந்தப் பள்ளத்தையும், அதைத் தாங்கும் சவ்வில் ஒரு விரல்நுனி அகலத்தையும் விட்டுவையுங்கள். பள்ளம் வழியாகக் கத்தி போகுமாறு நீளவாக்கில் வையுங்கள். ஒரு சீவலோடு நிறுத்திவிட வேண்டாம், தொடர் சீவல்களாக எடுத்து வரிசை மாறாமல் கண்ணாடியில் ஏற்றுங்கள். சாதாரண ஹிமாடாக்சிலின், இயோசின் சாயமே போதும். சிவப்பணு இல்லாத, முட்டை இல்லாத, ஒழுங்கான ஓரடுக்குச் செல்களால் ஆன வளையத்தைத் தேடுங்கள். ஒன்று கிடைத்ததும் அடுத்த சீவலில் அது எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே போங்கள். எந்த வளையம் எதோடு சேர்கிறது, எங்கே வெற்றிடம் அடைபட்டுக் கயிறாகிறது, எங்கே நுண்பையின் அருகே போய் நிற்கிறது என்பது இருபது முப்பது சீவலுக்குள் தெரியத் தொடங்கும். சினையாட்டின் வயிற்றில் பெண் குட்டி இருந்து அதன் சூலகமும் கிடைத்தால், 75-ஆம் நாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று எடுத்துவையுங்கள். வலைக்கு எத்தனை அருகில் முதல் நுண்பை நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள்.